முகத்துக்கு அளவுகோல் எது?

பல் வரிசை சீராக இல்லையென்று பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் தாய் சுட்டிக் காட்டுவது ஒரு பல்லை. மருத்துவரோ, வாயைத் திறக்கச் சொல்லுமுன் பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்கிறார். நேரே ஒரு முறையும் பக்கவாட்டில் ஒரு முறையும் முகத்தை நோக்குகிறார். உதடுகளை இறுக்காமல் விடச் சொல்கிறார், பின் சிரிக்கச் சொல்கிறார், ஒளிப்படம் எடுத்துக்கொள்கிறார். பல்லைக் காட்ட வந்தவர்கள் இதைக் கண்டு சற்று வியப்பதுண்டு. ஆயினும் எந்தப் பல்லை எடுப்பது, எதை நகர்த்துவது, பல் எடுக்காமலே இடம் தேடுவதா, வளரும் பருவத்திலேயே தாடையைத் திருத்த முயல்வதா, வளர்ந்த பின் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பதா என்னும் கேள்விகளுக்கு விடை, பாரிஸ் சாந்தில் எடுத்த பல் அச்சில் பாதியும் பிள்ளையின் முகத்தில் பாதியுமாகவே இருக்கிறது.

ஈண்டு ஓர் அறக் கேள்வி எழுவதைத் தவிர்க்க இயலாது. சொத்தையான பல்லைப் பிடுங்குவதற்கு எவரும் நியாயம் கேட்பதில்லை. நோயற்ற, உறுதியான நான்கு பற்களைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து எடுப்பதற்கு நியாயம் சொல்லியாக வேண்டும். எடுத்த பல் திரும்ப முளைக்காது. "முகம் எடுப்பாக இருக்கும்" என்பதே அந்த நியாயமானால், எடுப்பு என்று எதைச் சொல்கிறோம், யார் கண்ணுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்பது பெற்றோரின் கடமையாகிறது. இன்று நம் குடும்பங்களில் பல்லுக்குக் கிளிப் போடாத பிள்ளையைக் காண்பதே அரிதாகி வரும் நிலையில், இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

முதலில் செய்முறையை விளங்கிக் கொள்வோம். உதடு தானே நிற்பதன்று. முன்பற்கள் உள்ளிருந்து அதைத் தாங்குகின்றன. பற்களெல்லாம் உதிர்ந்த முதியோர் வாய் குழிந்து, மூக்கும் முகவாயும் ஒன்றையொன்று நெருங்கி வருவதை நாம் வீட்டிலேயே கண்டிருக்கிறோம். அந்த மாற்றம் முழுவதும் தாங்குபொருள் போனதால் நேர்ந்தது. அவ்வாறே முன்பற்களைப் பின்னுக்கு இழுத்தால் உதடும் ஓரளவு பின்செல்லும். முன்னுக்குத் தள்ளினால் உதடும் துருத்தும். பல் சென்ற தொலைவு முழுவதும் உதடு செல்வதில்லை. மெல்லிய உதடு பல்லை நெருங்கிப் பின்தொடரும். தடித்த உதடு அவ்வளவாகத் தொடராது.

தாடையில் உள்ள இடத்தினும் பற்களின் மொத்த அகலம் மிகுந்தால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. இதைத் தீர்க்கச் சில வழிகளே உண்டு. பல் வளைவை அகட்டலாம். பற்களின் பக்கங்களைச் சிறிதளவு தேய்க்கலாம். கடைவாய்ப் பற்களைப் பின்தள்ளலாம். இல்லையேல், கோரைப்பல்லுக்கு அடுத்து நிற்கும் முதல் முன்கடைவாய்ப் பல்லை மேலும் கீழுமாக இரு பக்கத்திலும் எடுத்துவிடலாம். இந்தக் கடைசி வழியில் பக்கத்துக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. அவ்விடத்தில் நெருக்கடி தீர்ந்தது போக எஞ்சியதைக் கொண்டு முன்பற்களைப் பின்னிழுக்கலாம்.

இனி இரு பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். இருவர் வாயிலும் நெருக்கடி ஒரே அளவு. இருவர் அச்சையும் மேசைமேல் வைத்தால் இன்னார் அச்சு இன்னது என்று பிரித்தறிய இயலாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு உதடுகள் முன்தள்ளி நிற்கின்றன. வாயை மூட முயன்றால் முகவாய்ச் சதை சுருங்குகிறது. மற்றைப் பிள்ளைக்கு மூக்கு நீண்டு, உதடு மெலிந்து, முகவாய் முன்னிற்கிறது. முதற்பிள்ளைக்குப் பல் எடுத்தால் உதடுகள் இயல்பாக மூடும். முகத்தில் ஓர் அமைதி தோன்றும். அதே நான்கு பற்களை இரண்டாம் பிள்ளைக்கு எடுத்து முன்பற்களைப் பின்னிழுத்தால் வாய் உள்வாங்கி, நீண்ட மூக்கு இன்னும் நீண்டதாகத் தோன்றும். அச்சு ஒன்று, செய்யத்தக்கது வேறு வேறு.

இதனினும் நுட்பமானது மற்றொரு நிலை. மேற்பற்கள் எடுப்பாக இருப்பதாகத் தோன்றும் பிள்ளைகள் பலருக்கு உண்மையில் மேற்பற்கள் இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கும், கீழ்த்தாடைதான் பின்தங்கியிருக்கும். குறை கீழே, பழி மேலே. மேலே இரு பற்களை எடுத்து முன்பற்களைப் பின்னிழுத்தால் கடி பொருந்திவிடும். ஆனால் நல்ல இடத்திலிருந்த மேலுதட்டைக் குறையுள்ள தாடைக்கு ஏற்பப் பின்னுக்குக் கொண்டுபோனதாக முடியும். வளரும் வயதானால் கீழ்த்தாடையை முன்வைத்துக் கடிக்கப் பழக்கும் கருவிகள் உண்டு. வளர்ச்சி நின்றபின், கீழ்த்தாடையை இருபுறமும் பிளந்து முன்னகர்த்தும் அறுவை முறையை 1957-இல் டிரவுனர், ஒப்வெகேசர் என்னும் மருத்துவர்கள் எழுதி வெளியிட்டனர்; அதன் திருத்திய வடிவங்கள் இன்றும் வழக்கில் உள்ளன. எல்லாரும் அறுவைக்கு இசைவதில்லை, இசையவும் வேண்டியதில்லை. ஆனால் எது குறையுடையது என்று தெரியாமல் எதையேனும் நகர்த்துவது முறையன்று.

1993-இல் ஆர்னெட், பெர்க்மன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய இரு பகுதிக் கட்டுரை இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. முகத்தில் நோக்கவேண்டிய 19 கூறுகளை அவர்கள் வகுத்துச் சொன்னார்கள். உதடு தளர்ந்திருக்கையில் மேற்பல் எவ்வளவு தெரிகிறது, மூக்கின் அடிப்பகுதிக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட கோணம் எவ்வளவு என்பன போன்றவை அவை. கடியை மட்டும் நோக்கித் திருத்தினால் முகம் கெடவும் கூடும் என்பது அவர்கள் விடுத்த எச்சரிக்கை. "நான் பல்லைத்தான் பார்க்கிறேன், முகத்தைத் தொடவில்லை" என்று ஒரு மருத்துவர் கூறுவாரானால் அது அடக்கம் போலத் தோன்றும், ஆனால் உண்மையன்று. முன்பல்லை நகர்த்தியவர் முகத்தை நகர்த்தியவரே. முகத்தைப் பற்றி ஒரு கருத்தும் கொள்ளாமல் செய்யத்தக்க சிகிச்சை இத்துறையில் மிகக் குறைவு. கருத்து இருக்கத்தான் செய்யும். அது வாய்விட்டுச் சொல்லப்பட்டதா, சொல்லாமலே செய்யப்பட்டதா என்பதே வேறுபாடு.

அப்படியானால் அந்தக் கருத்து எங்கிருந்து வருகிறது? இத்துறையின் வரலாறு இதற்குத் தரும் விடை சுவையானது. சிறிது கலக்கமும் தருவது.

இக்காலப் பல் சீரமைப்பின் தந்தை எனப்படுபவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1855-இல் பிறந்து 1930-இல் மறைந்தவர். பற்கள் பொருந்தாமையை அவர் 1899-இல் வகைப்படுத்திய முறையே இன்றும் மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. முக அழகுக்கு அவர் முதலில் கொண்ட மாதிரி, வத்திக்கானில் உள்ள அப்பல்லோ பெல்வெடெரே என்னும் சலவைக்கல் சிலை. கிரேக்க வார்ப்பு ஒன்றைப் பார்த்து உரோமர் செதுக்கியதாகக் கருதப்படும் அச்சிலையின் பக்கவாட்டுத் தோற்றமே மனித முகத்தின் நிறைவு என்று அவர் எண்ணினார். பின்னர் எட்மண்ட் வூர்பெல் என்னும் ஓவிய ஆசிரியரை நாடி அழகின் விதியைக் கேட்டார். எல்லா முகத்துக்கும் பொதுவான ஒரே விதி இல்லை, முகங்கள் பலவகை என்பது ஓவியரின் விடை. ஆங்கிள் விதி இல்லாமல் அமையக்கூடியவர் அல்லர். அப்பல்லோவைக் கைவிட்டு, முப்பத்திரண்டு பல்லும் முழுமையாகப் பொருந்தி நிற்குமானால் அவரவர் முகத்துக்கு இயன்ற சிறந்த அழகு தானே அமையும் என்று வேறொரு விதியை நிறுவினார். ஆகவே பல் எடுத்தல் கூடாது என்பது அவர் பள்ளியின் கட்டளை ஆயிற்று. (அப்பல்லோவின் பற்களை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது வேறு. நம் கோயில்களில் உள்ள திருவுருவங்களும் அளவிட்டுச் செதுக்கப்பட்டவையே. அந்த அளவைக் கொண்டு பக்கத்து வீட்டார் முகத்தை எவரும் அளந்ததாகக் கேள்வியில்லை.)

சிகாகோவில் இருந்த கால்வின் கேஸ் இதனை மறுத்தார். சிலர்க்கு முகமே பரம்பரையாக முன்தள்ளி அமைகிறது, அவர்க்கு எல்லாப் பல்லையும் வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தினால் வாய் மேலும் துருத்தும், எனவே தேர்ந்தெடுத்த சிலர்க்குப் பல் எடுத்தல் தகும் என்றார். 1911-இல் இது பெரும் விவாதமாக வெடித்தது. அறிவியல் வாதம் என்பதைவிடக் குலச் சண்டை எனலாம். ஆங்கிளின் பக்கமே அன்று வென்றது.

வெற்றியைக் குலைத்தவர் ஆங்கிளின் சொந்த மாணவர் சார்லஸ் ட்வீட். ஆசிரியர் சொன்னபடி பல் எடுக்காமலே பல ஆண்டுகள் சிகிச்சை செய்தார். பின்னர்த் தம் நோயாளிகளைத் திரும்பப் பார்க்கையில் பலர்க்குப் பற்கள் மீண்டும் கோணியிருந்தன, உதடுகள் முன்தள்ளியிருந்தன. அவர்களுள் 100 பேருக்கு நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து மறுபடி சிகிச்சை செய்து, இரு நிலைகளின் சான்றுகளையும் அருகருகே வைத்து 1940-இல் துறையினர் முன் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில், ஆங்கிளின் மற்றொரு மாணவரான ரேமண்ட் பெக் அந்நாட்டுத் தொல்குடியினரின் பற்களை ஆராய்ந்து வந்தார். கடின உணவால் பற்களின் பக்கங்கள் தேய்ந்து அகலம் குறைவதைக் கண்டார். மெத்தென்ற உணவு உண்ணும் நமக்கு அத்தேய்வு இல்லாமையால் பற்கள் இடத்துக்கு மிஞ்சுகின்றன, எனவே பல் எடுத்தல் இயற்கை செய்துவந்ததைக் கையால் செய்வதே என்று 1954-இல் எழுதினார். முழுப் பல்லும் இயற்கையின் கட்டளை என்றார் ஆசிரியர். பல் குறைவதும் இயற்கையே என்றார் மாணவர். இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தால் அது எந்தப் பக்கத்துக்கும் வந்து நிற்கும் போலும்!

இதன் விளைவை ஒரு கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகச் சிகிச்சைக் கூடத்தின் நாற்பதாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து வில்லியம் பிராஃபிட் 1994-இல் வெளியிட்டார். 1953-இல் அங்கு வந்தவர்களில் 30 விழுக்காட்டினருக்குப் பல் எடுக்கப்பட்டது. 1968-இல் அது 76 விழுக்காடாக உயர்ந்தது. 1993-இல் மீண்டும் 28-க்கு இறங்கியது. இந்த நாற்பது ஆண்டுகளில் அவ்வூர்ப் பிள்ளைகளின் தாடை சுருங்கி மீண்டும் விரிந்துவிடவில்லை. மாறியவை மருத்துவர்களின் கருவிகளும் நம்பிக்கைகளும். நல்ல முகம் என்று அவர்கள் கொண்ட எண்ணமும் அவற்றோடு மாறியது. 1968-இல் அக்கூடத்துக்கு வந்த பிள்ளைக்கு நான்கு பல் போயிருக்கும். அதே பிள்ளை இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்திருந்தால் ஒரு பல்லும் போகாமல் இருந்திருக்கக்கூடும். இதைக் கேட்டு மருத்துவர்களைக் குறை கூறுவது எளிது. அவர்கள் தம் கணக்கைத் தாமே எடுத்துத் தாமே அச்சிட்டனர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எல்லாத் தொழிலாரும் இதைச் செய்வதில்லை.

இடையில் அளவை முறை வந்தது. 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் செர்மனியில் ஹோஃப்ராத்தும் தலையை ஒரே நிலையில் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். அதன்பின் முகம் கோடுகளாகவும் கோணங்களாகவும் மாறியது. பாகைக் கணக்கு வந்தவுடன் நமக்கு ஒரு மயக்கம் உண்டாகிறது. எண் என்றால் அது யார் பக்கமும் சாராதது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அந்த எண்கள் யாருடைய முகத்திலிருந்து வந்தன? 1948-இல் வில்லியம் டவுன்ஸ் வெளியிட்டுப் பல ஆண்டுகள் உலகெங்கும் வழங்கிய அளவுகள், நல்ல பல் வரிசையுடைய 20 வெள்ளை இனச் சிறார்களை அளந்து பெற்றவை. இருபதே பேர். அவர்களின் சராசரி, கடல் கடந்து வந்து, வேறு மூக்கும் வேறு உதடும் கொண்ட மக்களுக்குச் "சரியான அளவு" என்று ஆயிற்று.

1970-இல் பெக் சகோதரர்கள் (தமிழில் எழுத்து ஒன்றாயினும் மேற்சொன்ன ஆஸ்திரேலியரின் பெயர் வேறு) ஒரு வேலை செய்தனர். அழகுப் போட்டியில் வென்றோர், விளம்பர உருவினர், தொலைக்காட்சி நடிகர் என மக்கள் அழகர் என்று ஏற்றுக்கொண்ட 52 பேரின் முகங்களை அளந்தனர். மருத்துவரின் அளவுகளைவிட அம்முகங்களில் பற்களும் உதடுகளும் சற்று முன்தள்ளி நிறைவாக இருந்தன. அதாவது, மருத்துவர் "திருத்த வேண்டும்" என்றிருக்கக்கூடிய வாயைத்தான் மக்கள் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

நம் நாட்டிலும் 1965-இல் இந்தியப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் தோன்றியது. பல் மருத்துவக் கல்லூரிகளில் நம் மக்களின் முகங்களை அளக்கும் ஆய்வுகளும் பெருகின. தென்னிந்தியரின் முன்பற்கள் வெள்ளையர் சராசரியினும் சற்று முன்சாய்ந்தும் உதடுகள் சற்று நிறைந்தும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இது நல்ல மாற்றமே. ஆனால் இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. வெள்ளையர் சராசரியை நீக்கிவிட்டுத் தமிழர் சராசரியை வைத்தால் மட்டும் அறம் நிறைந்துவிடுமா? சராசரி என்பது இருப்பதைச் சொல்வது, வேண்டுவதைச் சொல்வதன்று. ஊரார் உயரத்தின் சராசரி ஐந்தரை அடி என்பதால் ஆறடி உயரமுள்ளவரைக் குறைக்க எவரும் முயல்வதில்லை. சராசரியிலிருந்து விலகிய வாய் மூடவும் மெல்லவும் பேசவும் இயலுமானால், அதை நோய் என்று சொல்ல அந்த எண் மட்டும் போதாது.

தெற்றுப்பல்லை எடுத்துக் கொள்வோம். நம்மூரில் சிரிக்கும்போது ஓரத்தில் எட்டிப்பார்க்கும் தெற்றுப்பல்லை அழகென்று சொல்லும் வழக்கு நெடுநாளாக உண்டு. சப்பானிலும் அவ்வாறே, "யாஏபா" என்று அதற்குப் பெயர். நேரான பல்லுடைய இளம்பெண்கள் மருத்துவரிடம் சென்று செயற்கையாகத் தெற்றுப்பல் ஒட்டிக்கொண்டதை 2011 அளவில் செய்தித்தாள்கள் எழுதின. ஒரு நாட்டில் இரண்டாண்டு கம்பி கட்டி ஒழிப்பதை மற்றொரு நாட்டில் விலைகொடுத்து ஒட்டுகிறார்கள். இதைக்கொண்டு அழகு என்பதே வெறும் பொய் என்று முடிவுகட்ட நான் விரும்பவில்லை. அழகு உண்டு; அதற்கு ஒரே அச்சு இல்லை. வூர்பெல் ஆங்கிளிடம் சொன்னதும் இதுவே.

இன்னொன்று காலம். பதின்மூன்று வயதில் எழுதப்படும் திட்டம் பதின்மூன்று வயது முகத்துக்கு அன்று. பெண்பிள்ளைகளினும் ஆண்பிள்ளைகளின் கீழ்த்தாடை நெடுநாள் வளர்கிறது. மூக்கும் முகவாயும் பருவ வயதுக்குப் பின்னும் சிறிது சிறிதாக முன்வருகின்றன. உதடுகள் வயது ஏற ஏற மெலிந்து தட்டையாகின்றன. ஆகவே பள்ளிப் பருவத்தில் சற்று நிறைந்து தோன்றும் வாய், நாற்பது வயதில் அளவாக அமைந்துவிடுவதுண்டு. பள்ளிப் பருவத்திலேயே அளவாக இழுத்து நிறுத்திய வாய், ஐம்பதில் குழிந்து முதுமையை முன்கூட்டியே அழைத்து வருவதும் உண்டு. பிள்ளையின் இன்றைய ஒளிப்படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வோர், அந்த முகத்தைச் சுமக்கப்போகும் ஐம்பது அறுபது ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். அனுபவமுள்ள மருத்துவர் சிலர் தாய் தந்தையரின் முகத்தையும் உற்றுப் பார்ப்பதன் காரணம் இதுவே.

இனிச் சொல்லக் கூசினும் சொல்லவேண்டியதற்கு வருவோம். நம்மவருள் பெண்ணுக்குப் பல் சீரமைக்கும் முடிவு பலவேளைகளில் பெண் பார்க்க வருவோரின் கண்ணை எண்ணி எடுக்கப்படுகிறது. நம் சமூகம் சிறியது, வரன்கள் சில, ஒரு குறை சொல்லப்பட்டால் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் பெற்றோர்க்கு உண்டு. அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. ஆனால் மகனுக்குப் பல் எடுப்பாக இருந்தால் "ஆண்பிள்ளைக்கு என்ன?" என்று விட்டுவிடுகிறோம், மகளுக்கு இருந்தால் நாள் குறித்துக்கொண்டு மருத்துவரை அவசரப்படுத்துகிறோம். பல் எலும்பினூடே நகர்வது மெல்ல நிகழ்வது. பல் எடுத்துச் செய்யும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு பிடிக்கும். முகூர்த்தத்தை நோக்கி அதை விரட்டினால் பல் வேர் கரையவும் கூடும். திருத்தப்படவேண்டியது இங்கே பல்லா, பார்க்க வருவோரின் பார்வையா என்று கேட்டால், இரண்டாவதே என்பேன். ஆயினும் பார்வை திருந்தும்வரை பெண் பொறுத்திருக்கட்டும் என்று அவளைப் பலியாக்கும் உரிமையும் நமக்கில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே: அவளைக் கேட்பது.

கேட்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு நிகழ்ச்சியைச் சொல்லலாம். பதினான்கு வயதுப் பெண். மேலே ஒரு தெற்றுப்பல். அதை உள்ளே தள்ளவேண்டும், அதற்காகப் பல் எடுத்தாலும் சரி என்பது தாயின் எண்ணம். அது தன் தாயாரின் பல், அப்படியே வந்து வாய்த்திருக்கிறது, அதைத் தொடவேண்டாம் என்பது தந்தையின் எண்ணம். இருவரும் மருத்துவர் முன்னிலையிலேயே வாதிட்டனர். மருத்துவர் பெற்றோரை வெளியே அமரச் சொல்லிவிட்டுப் பெண்ணைக் கேட்டார். அவளுக்குத் தெற்றுப்பல்லைப் பற்றி ஒரு குறையும் இல்லை. நடு முன்பல் ஒன்று கதவு திறந்தாற்போலத் திரும்பியிருந்தது; வகுப்பில் கேலி செய்தது அதைத்தான். பெரியவர் இருவர் கண்ணிலும் அது படவேயில்லை. பல் ஒன்றும் எடுக்காமல் அந்த முன்பல்லை நேராக்குவதோடு சிகிச்சை முடிந்தது. தெற்றுப்பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் இடுக்கைத் துலக்குவதற்கு மட்டும் சிறு தூரிகை ஒன்று கொடுத்தனுப்பினார்.

எல்லாவற்றையும் இயற்கை தந்தபடி விட்டுவிடலாமே என்பாரும் உளர். அது கருணைபோலத் தோன்றும் கடுமை. மேற்பற்கள் மிகவும் முன்னிற்கும் பிள்ளை கீழே விழுந்தால் முன்பல் உடையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று ஆய்வுகள் கூறுகின்றன. சில பிள்ளைகளுக்குக் கீழ்ப்பல் மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்குகிறது. பிளவுபட்ட உதட்டோடும் அண்ணத்தோடும் பிறக்கும் பிள்ளைக்குப் பல் சீரமைப்பு அழகுக்கலை அன்று. பேச்சும் உணவும் அதனோடு கட்டுண்டவை. கேலியும் வலிதான், பள்ளிப் பிள்ளையின் நாள் முழுவதையும் அது தின்றுவிடும். கையால் வாயை மறைத்தே சிரிக்கும் பிள்ளையிடம் அகத்தழகே அழகு என்று உபதேசிப்பது, பசித்தவனிடம் விரதத்தின் மேன்மையைப் பேசுவதை ஒக்கும்.

ஆனால் அழகான பல் வாழ்வையே மாற்றும் என்னும் விளம்பர மொழிக்கும் சான்று குறைவு. பிரிட்டனில் கார்டிஃப் நகரில் 1981-இல் 11, 12 வயதுப் பிள்ளைகள் 1,018 பேரைப் பதிவு செய்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் 337 பேரை மீண்டும் கண்டு ஆராய்ந்தனர். வில்லியம் ஷாவும் உடனாய்வாளரும் 2007-இல் இதனை வெளியிட்டனர். சிகிச்சை பெற்றோர்க்குப் பல் வரிசை நன்றாக இருந்தது. தம் பற்களைப் பற்றி மனநிறைவும் இருந்தது. ஆனால் வளர்ந்தபின் அவர்களின் தன்மதிப்பிலும் மனநலத்திலும் அச்சிகிச்சையால் விளைந்தது என்று சொல்லத்தக்க நன்மை மிகச் சிறிது. சிகிச்சை தேவை என்று குறிக்கப்பட்டும் பெறாதவர்கள் அக்காரணத்தால் பின்னாளில் மனம் நொந்துபோனதாகவும் காணப்படவில்லை. நேரான பல் நேரான பல்லைத் தரும். அதற்குமேல் வாக்களிப்போரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நன்று.

அதே பிரிட்டனில் அரசுச் செலவில் யாருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்ய 1989-இல் ஓர் அட்டவணை வகுத்தனர். உடல்நலத் தேவை ஒரு பகுதி. தோற்றம் மற்றொரு பகுதி. தோற்றத்துக்குப் பத்து ஒளிப்படங்கள். நல்லதிலிருந்து மோசமானது வரை வரிசையாக. பிள்ளையின் பல் எதற்கு ஒத்தது என்று பார்த்து எண் தருவர். பொதுப்பணத்தைப் பகிர இது நேர்மையான முயற்சியே. ஆனால் அந்தப் பத்துப் படங்களிலும் பற்கள் மட்டுமே உள, முகம் இல்லை. மேற்சொன்ன இரு பிள்ளைகளும் அந்த அட்டவணையில் ஒரே எண் பெறுவர்.

இப்போது கணினி வந்துவிட்டது. சிகிச்சைக்குப் பின் முகம் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டுகிறார்கள். பயனுள்ள கருவி, ஆனால் அது உறுதிமொழி அன்று, மதிப்பீடு. மெல்லிய உதடும் தடித்த உதடும் வேறுவேறாக நடக்கும் என்று முன்னர்ச் சொன்னேன். திரையில் காட்டிய உதடு நகர்ந்த அளவே உயிருள்ள உதடும் நகரும் என்பதில்லை. கைப்பேசியில் தன் முகத்தைத் தானே எடுத்துப் பார்த்து, மூக்கும் வாயும் பெரிது என்று வருந்தி வரும் இளையோரும் மிகுந்துள்ளனர். ஒரு சாண் சற்று மிஞ்சிய தொலைவில், ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில், எடுக்கும் படம் மூக்கை ஐந்தடித் தொலைவில் தோன்றுவதைவிடச் சுமார் 30 விழுக்காடு அகலமாகக் காட்டும் என்று 2018-இல் ஒரு கணக்கீடு வெளியாயிற்று. கோளாறு படமெடுத்த தொலைவில், கலக்கம் பிள்ளையின் உள்ளத்தில். மருத்துவர் நேரில் முகம் பாராமலே தபாலில் அச்சு வாங்கிப் பல் உறை அனுப்பும் வணிகமும் மேல்நாட்டில் எழுந்தது. அதில் பெயர்பெற்றிருந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று 2023 இறுதியில் சிகிச்சை முடியாதவர்களை நடுவழியில் விட்டுக் கதவடைத்தது.

பெற்றோர் மருத்துவரிடம் கேட்கத் தயங்கவேண்டாத கேள்விகள் சில உண்டு. பல் எடுக்காமல் செய்தால் உதடு எங்கே நிற்கும்? எடுத்தால் எங்கே நிற்கும்? கீழ்த்தாடை இன்னும் வளருமா? எந்த மக்களின் அளவை வைத்துப் பார்க்கிறீர்கள்? ஓராண்டு பொறுத்தால் ஏதேனும் கெடுமா? நல்ல மருத்துவர் இவற்றால் சினம் கொள்வதில்லை. எண்ணி வைத்திருப்பவர்க்கு விடை சொல்வது எளிது. "எல்லாருக்கும் இதைத்தான் செய்கிறோம்" என்னும் விடை வருமாயின் இன்னொருவரையும் பார்த்துவிடுவது நலம்.

கம்பியைக் கழற்றியபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பவே முயலும். அதைத் தடுக்க இரவில் தாங்கிக் கருவியைப் பல ஆண்டுகள் அணிய வேண்டும். சிலர்க்கு வாழ்நாள் முழுவதும். அழகு எது என்று முடிவு செய்த தாயும் தந்தையும் மருத்துவரும் உறங்கிவிடுவர். ஒவ்வோர் இரவும் எழுந்து சென்று, அதைக் கழுவி, வாயில் பொருத்திக்கொண்டு படுக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.